மீன்கண் லென்ஸும் பாதி கறுப்பு ஃபிலிமும்

மீன்கண் லென்ஸ் வைத்து ஃபிலிமில் எடுத்த படங்களை ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நாலே நாலு படங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேமராவுக்குள் மூக்கை நுழைக்கும் நாய். அண்ணாந்து எடுத்த அடுக்குமாடிக் கட்டடம். ஸ்கேட்போர்டில் பாயும் பையன். அப்புறம், எடுத்தவரின் சொந்தக் கால்கள். ஊர் வேறு, ஆள் வேறு, ஃபிலிம் வேறு; படம் அதே படம். இதற்கு எல்லோரும் ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று பேர் வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்தல். என்ன வரப்போகுதுன்னு ஷட்டரை அமுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒண்ணை எப்படிங்க பரிசோதனைன்னு சொல்றது?

இத்தனைக்கும் இந்த லென்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்த லென்ஸ். பிடித்ததால்தான் இந்தப் புலம்பல்.

என் பகல் வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏன்னா என் கோணம் அங்கேயிருந்துதான் வருது. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருப்பதைத் திரையில் காட்டும் கேமரா பெரும்பாலும் மீன்கண் வகைதான். அது வளைத்துப் பிடித்த காட்சியை நிமிர்த்தி ஓட்டுநருக்குக் காட்டும் மென்பொருளில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். வளைவை நீக்குவதற்குச் சம்பளம். வளைவோடு படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை. அந்த வேலையில் முதல் வாரமே தெரிந்துகொள்ளும் பாடம், நிமிர்த்தினால் ஓரம் போய்விடும் என்பது. 100, 110 பாகையைத் தாண்டி நிமிர்த்தப் பார்த்தால் ஓரத்தில் இருக்கிற ஸ்கூட்டர் பபிள்கம் மாதிரி இழுபடும். வெட்டித்தான் எறிய வேண்டும். லென்ஸ் கஷ்டப்பட்டு உள்ளே கொண்டுவந்ததை நாம் கோடு நேராக இருக்கணும் என்பதற்காக வெளியே தள்ளுகிறோம்.

ஏன் அப்படி என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், பத்தாங்கிளாஸ் கணக்குதான்.

சாதாரண லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். அப்படிக் காட்ட வேண்டுமென்றால், ஒரு பொருள் நடுவிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டைக் குவியத் தூரத்தால் பெருக்கி, ஃபிலிமில் நடுவிலிருந்து அத்தனை தூரம் தள்ளி அதை வைக்க வேண்டும். 8 மி.மீ. குவியத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 60 பாகையில் இருக்கும் பொருள் 13.9 மி.மீ. தள்ளி விழும். 80 பாகையில் 45 மி.மீ. 89 பாகையில் 458 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட அரை மீட்டர். 90 பாகையில் டேன்ஜென்ட் முடிவிலி. நம்ம 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃபிரேமோ 36க்கு 24 மி.மீ.தான்.

மீன்கண் லென்ஸ் இந்த டேன்ஜென்ட்டை விட்டுவிடுகிறது. அதன் எளிய வகையில், கோணத்தை ரேடியனாக்கிக் குவியத் தூரத்தால் பெருக்கினால் முடிந்தது. அதே 60, 80, 89 பாகைப் பொருட்கள் இப்போது 8.4, 11.2, 12.4 மி.மீ.யில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இருக்கிற அரைக்கோளம் முழுக்க 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். நடுவைத் தொடாத நேர்கோடுகள் எல்லாம் வளையும். அவ்வளவுதான் விஷயம்.

அதாவது வளைவு இங்கே விலை. சரக்கு அந்த 180 பாகை. நான் பார்க்கிற மீன்கண் படங்களில் முக்கால்வாசி, விலையைக் கொடுத்துவிட்டுச் சரக்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்த கதை.

‘ஆனா அது உருவத்தைச் சிதைக்குதே’ என்பார்கள். சிதைக்காத லென்ஸ் எதுவென்று திருப்பிக் கேட்கலாம். கல்யாண வீட்டில் இடம் பத்தாமல் வைட் ஆங்கிளில் எடுத்த குரூப் போட்டோவைப் பாருங்கள். சுவர் நேராக இருக்கும், தூண் நேராக இருக்கும், ஓரத்தில் நிற்கிற சித்தப்பா மட்டும் முட்டை வடிவத்தில் இருப்பார். நேர்கோட்டைக் காப்பாற்றுவதற்காக லென்ஸ் சித்தப்பாவைப் பலி கொடுத்துவிட்டது. மீன்கண் லென்ஸ் சுவரைப் பலி கொடுக்கும். உருண்டையைத் தட்டையாக்கும்போது எதையாவது கொடுத்தே ஆகணும் என்பது வரைபடம் போடுகிறவர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

இந்த லென்ஸை முதலில் நினைத்தவர்கள் யாருக்கும் வளைவு தேவையாக இருக்கவில்லை. 1906இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று படம் எடுத்துக் காட்டினார். ‘மீன்கண்’ என்ற பேர் அவர் வைத்ததுதான். (‘என் கதிர்கள்’ என்று ஒரு பொய்க் கண்டுபிடிப்பு பிரான்ஸில் பரபரப்பாக ஓடிக்கொண்டிருந்தபோது நேரில் போய் அதன் சாயத்தை வெளுத்தவரும் இதே வுட்தான்.) வெளியே இருக்கிற அரைக்கோளம் முழுக்க, ஒளிவிலகலால், தண்ணீருக்குள் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். அதனால் தண்ணீர் நிரப்பிய பெட்டியில் ஊசித்துளையும் தகடும் வைத்தே அவரால் அதைப் பிடிக்க முடிந்தது. 1922இல் பாண்ட் என்பவர் தண்ணீருக்குப் பதில் கண்ணாடி அரைக்கோளத்தை வைத்தார். எதற்கு? மேகங்களைப் பதிவுசெய்ய. 1924இல் ராபின் ஹில் முழு வானத்தையும் ஒரே தகட்டில் பிடிக்கும் லென்ஸைப் பற்றி எழுதினார். தாவரவியல் படித்தவர்களுக்கு ‘ஹில் வினை’ ஞாபகம் வரலாம். அதே ஹில்தான், ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியெல்லாம் பின்னால் வந்தது. 1959இல் எவன்ஸ், கூம்ப் என்ற இருவர் ஹில்லின் கேமராவைக் காட்டுக்குள் மல்லாக்க வைத்து, மரக்கிளைகளுக்கு நடுவே எவ்வளவு வானம் தெரிகிறது, எவ்வளவு வெயில் தரைக்கு வரும் என்று அளந்தார்கள். மேகக்காரரானாலும் மரக்காரரானாலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது விடுபடாத ஒரு முழுப் பார்வை. கோடு வளைந்தால் வளையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1962இல் நிக்கான் 8 மி.மீ. மீன்கண் லென்ஸை 35 மி.மீ. கேமராவுக்குக் கொண்டுவந்தது. அதை மாட்ட வேண்டுமானால் கேமராவின் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும், அந்த அளவுக்கு லென்ஸ் உள்ளே போகும். கண்ணாடி தூக்கிவிட்டால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. தனியாக ஒன்றை மேலே செருகிக்கொண்டு, உத்தேசமாகத்தான் எடுக்கணும். பிற்பாடு 220 பாகை பார்க்கும் 6 மி.மீ. லென்ஸ் ஒன்றும் செய்தார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் எடை. தனக்குப் பின்னால் நிற்பதைக்கூடக் கொஞ்சம் பார்த்துவிடும்.

இவையெல்லாம் சாமானியர் வாங்கக்கூடிய சாமான்கள் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது வியன்னாவில் இருக்கும் லோமோகிராஃபி நிறுவனம். சோவியத் காலத்து லெனின்கிராடில் தயாரான எல்.சி.-ஏ. என்ற சின்ன கேமராவின் மேல் காதல் கொண்ட ஆஸ்திரிய மாணவர்கள் 1992இல் ஆரம்பித்த கூட்டம் அது. 2005இல் ஃபிஷ்ஐ என்ற பிளாஸ்டிக் கேமராவை வெளியிட்டார்கள். 10 மி.மீ. லென்ஸ், சுமார் 170 பாகை, எஃப் 8, நொடியில் நூறில் ஒரு பங்கு ஷட்டர். ஃபோகஸ் மாற்ற முடியாது, வேறு எதையும் மாற்ற முடியாது. அடுத்த வருடமே வந்த இரண்டாவது மாடலில் ஒரே ஃபிரேமில் பலமுறை எடுக்கும் வசதியும், ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும் வசதியும், வளைத்துக் காட்டும் ஒரு வியூஃபைண்டரும் சேர்ந்தன. என்னிடம் இருப்பது இந்த இரண்டாவது.

பொம்மை என்று இதை மட்டம் தட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். ஓரத்தில் நிறம் பிரியும், கூர்மை சுமார்தான். ஆனால் 180 பாகைக்குப் பத்து பாகை குறைவாக ஒரு பார்வையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய வைத்தார்கள் பாருங்க, அது பெரிய காரியம். எனக்குச் சண்டை கேமராவோடு இல்லை, அதோடு சேர்ந்து வந்த உபதேசத்தோடுதான். யோசிக்காதே, விதிகளைப் பற்றிக் கவலைப்படாதே, இடுப்பு உயரத்திலிருந்து சுடு என்பது லோமோகிராஃபியின் பிரபலமான பத்துக் கட்டளைகளின் சாரம். எல்.சி.-ஏ. கேமராவுக்கு இது சரியாகவே இருக்கலாம். அதன் லென்ஸ் 32 மி.மீ., வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும்; யோசிக்காமல் சுட்டாலும் ஒவ்வொரு படமும் வேற வேற மாதிரி வரும். ஆனால் மீன்கண்ணில் யோசிக்காமல் சுட்டால் எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும்! ஏன்னா அந்த லென்ஸின் வளைவு ஒண்ணே ஒண்ணுதான். அது மாறாது. நீங்கள் எதையும் தீர்மானிக்காவிட்டால் வளைவு மட்டும்தான் படத்தில் மிஞ்சும்.

இங்கே ஒரு எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்தாகணும். வளைவையே சரக்காக விற்றவர் ஒருவர் இருக்கிறார். ஆந்த்ரே கெர்டேஸ் 1933இல் பாரிஸில், பொருட்காட்சிகளில் வைப்பார்களே உருவத்தை நெளித்துக் காட்டும் கண்ணாடி, அதை வைத்து சுமார் 200 படங்கள் எடுத்தார். உடம்புகள் இழுபட்டு, ஒழுகி, கைகால்கள் மட்டும் தனியாக வீங்கி. அதில் விசாலமான பார்வை எதுவும் கிடையாது, நெளிவு மட்டும்தான். அப்படியும் அவை அபாரமான படங்கள். ஆனால் அந்தக் கண்ணாடியில் மாடல் அரை அடி நகர்ந்தால் நெளிவு வேறாகும், கெர்டேஸ் நகர்ந்தால் அதுவும் வேறு. 200 படத்துக்கு 200 நெளிவு. லென்ஸுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே ராகத்தில் ஒரே கீர்த்தனையை ஒரே மாதிரி 36 தடவை பாடுவதுபோல ஆகிவிடும்.

அப்படியானால் மீன்கண்ணில் எடுப்பவர் கையில் என்னதான் இருக்கிறது? தூரம் இருக்கிறது. அதுதான் பிரதானம்.

கணக்குப்படி 10 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்தால் ஏறக்குறைய ஒரு சாண் தொலைவிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும்படி ஃபோகஸை நிறுத்திவிடலாம். ஒரு சாணில் இருப்பது பூதாகரமாகத் தெரியும், மூன்றே அடி தள்ளிப்போனால் சுருங்கிவிடும், பத்தடியில் பொட்டு. வேறு எந்த லென்ஸிலும் ஓர் அடி முன்னே பின்னே போவதற்கு இவ்வளவு விளைவு கிடையாது. மூக்கு பெரிதாவதற்கும் காரணம் வளைவு இல்லை, கிட்டப் போனதுதான்.

இதை லென்ஸ் வருவதற்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். பார்மிஜியானினோ என்ற இத்தாலிய ஓவியர், 1524 வாக்கில், இருபத்தொரு வயசுப் பையன், குவிந்த கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை வரைந்தார். அதுவும் குவிந்த மரப்பலகையில், 24 செ.மீ. சொச்சம் விட்டத்தில். அறையின் சன்னல் வளைந்து கிடக்கிறது, கூரை வளைந்து கிடக்கிறது. முகம் நடுவில் துளிகூடக் கோணாமல் அழகாக இருக்கிறது. ஆனால் முன்னால் நீட்டிய கை முகத்தைவிடப் பெரியது. பார்க்கிறவன் கண் முதலில் கைக்குப் போகும், வரைந்த கைக்கு! அந்தச் சின்னப் பலகையில் எது பக்கத்தில் இருக்கணும், எது நடுவில் இருக்கணும், எது ஓரத்தில் வளையணும் என்று மூன்று முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஓவியம் இருப்பதும் வியன்னா அருங்காட்சியகத்தில்தான். லோமோகிராஃபிக்காரர்களுக்கு உள்ளூர்ச் சொத்து. கட்டளைகள் எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம்.

ஃபிலிமில் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பு அட்டை, 1967. கார்ல் ஃபெரிஸ் லண்டன் கியூ கார்டன்ஸில் இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்தது. மஞ்சள் அட்டைக்கு நடுவே வட்டம், வட்டத்துக்குள் மூன்று பேர். ஃபெரிஸ் அந்த வட்டத்தை வெட்டிச் சதுரமாக்காமல் வட்டமாகவே விட்டார் பாருங்கள், அதில் இருக்கிறது புத்தி. மூன்று பேரும் தங்களுக்கென்று ஒரு சின்னக் கிரகம் வைத்திருப்பதுபோல ஆகிவிட்டது. இன்றைக்கு அது பார்த்துச் சலித்த உத்தி. அதைப் போட்டுச் சலிக்க வைத்தது அவர் குற்றமில்லை.

சினிமாவில் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘செகண்ட்ஸ்’, 1966. கறுப்பு வெள்ளை, ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ். வேறு ஒருவனாக மாறிப் புது வாழ்க்கை வாழலாம் என்று காசு கட்டி ஏமாறும் ஒருத்தனின் கதை. முடிவில் அவனைச் சக்கரக் கட்டிலில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த அகன்ற லென்ஸ் முகத்துக்கு அவ்வளவு கிட்டே நிற்பதால் பயந்த முகமும், தப்பிக்க முடியாத நடைபாதையும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. சாதாரண லென்ஸில் இரண்டில் ஒன்றுதான் கிடைத்திருக்கும். இது சரக்கை வாங்கிக்கொண்டு வந்த படம்.

யோர்கோஸ் லாந்திமோஸின் ‘தி ஃபேவரிட்’ 2018இல் வந்தபோது மீன்கண் அதிகமாகிவிட்டது என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிப்பதிவாளர் ராபி ரயன் 35 மி.மீ. ஃபிலிமில், ஹாட்ஃபீல்ட் மாளிகையின் நிஜமான அறைகளில், 6 மி.மீ. லென்ஸ் வரைக்கும் போயிருக்கிறார். அரசி ஆனின் அரண்மனை. யாரும் யாரிடமிருந்தும் ஒளிய முடியாத இடம். அங்கே தரையும் கூரையும் நாலு சுவரும் ஒரே சட்டகத்தில் தெரிகிறது. நடுவில் கட்டெறும்பு அளவில் ஒரு மனுஷி. மறைவான மூலையே இல்லாத அறை அது. அந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான லென்ஸ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதே ஜோடி 2023இல் ‘புவர் திங்ஸ்’ எடுத்தபோது 16 மி.மீ. ஃபிலிமுக்கான 4 மி.மீ. லென்ஸை 35 மி.மீ. கேமராவில் மாட்டினார்கள். அதன் வட்டம் ஃபிரேமை நிரப்பாது, கப்பல் சன்னல் மாதிரி நடுவில் மட்டும் படம் விழும். முதல் இரண்டு தடவை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வட்டம் வரும்போதெல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே என்ன மறைகிறது, உள்ளே என்ன கூடுதலாகக் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பல இடத்தில் பதில் கிடைக்கவில்லை. ஏற்கெனவே விசித்திரமான செட்டுக்கு இன்னொரு ஜிகினா. படம் பிடிக்கும், அந்தச் சன்னல் மட்டும் பிடிக்காது.

போனில் இருக்கும் மீன்கண் ஃபில்டர்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. எழுபது எண்பது பாகையில் எடுத்த படத்தை எடுத்து நடுவில் ஊதிவிடுகிறார்கள். லென்ஸுக்கு வெளியே இருந்தது வெளியேதான் இருக்கும், புரோகிராம் எழுதி அதை உள்ளே கொண்டுவர முடியாது. விலை மட்டும் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

ஃபிலிமுக்கு வருவோம். இதில் செலவு நிஜமானது. 24 மி.மீ. உயர ஃபிரேமில் அடங்கும் வட்டத்தின் பரப்பு 452 சதுர மி.மீ. மொத்த ஃபிரேம் 864. அதாவது 36 படம் எடுத்தால் 17 படத்துக்கான ஃபிலிமைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறீர்கள். வாங்க, கழுவ, ஸ்கேன் செய்ய எல்லாவற்றுக்கும் முழுக் காசு. இந்தக் கறுப்பு, லேபிலும் வம்பு பண்ணும். நெகட்டிவில் வெளிச்சம் படாத இடம் வெளுப்பாக இருக்கும்; இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் அதே வெளுப்பு. எங்கே ஒரு படம் முடிகிறது என்று மெஷினுக்கும் தெரியாது, அவசரத்தில் இருக்கும் ஆளுக்கும் தெரியாது. ஒரு லேபில் என் ரோலை வட்டத்துக்கு நடுவிலேயே வெட்டிக் கொடுத்தார்கள், தோசையைப் பாதியாக மடித்த மாதிரி. அதிலிருந்து வெட்டாமல் சுருளாகவே தாங்க என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரின் தானியங்கி அளவும் சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்துவிட்டுப் படமே இருட்டு என்று நினைத்து வெளுத்துவிடும். அதையும் கையால் சரி செய்யச் சொல்லணும்.

இன்னொன்று. இந்தக் கேமராவுக்கு ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போடுங்கள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது மேகமூட்ட ஊர்களுக்கான புத்திமதி. உச்சி வெயிலில் 400க்கு எஃப் 16, நானூறில் ஒரு பங்கு நொடி போதும். எஃப் 8, நூறில் ஒரு பங்கு என்றால் நாலு ஸ்டாப் அதிகம், பதினாறு மடங்கு வெளிச்சம். நம்ம ஊர்ப் பகலுக்கு 100 போட்டால் இரண்டு ஸ்டாப்தான் அதிகம், கலர் நெகட்டிவ் அதைப் பேசாமல் தாங்கிக்கொள்ளும்.

நான் செய்த இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, எங்கள் ஊர் வட்டக் கிணறு. கோடையில் தண்ணீர் அடியில் கிடந்தபோது படி இறங்கிப் போய், கடைசிப் படியில் கேமராவை மல்லாக்க வைத்து, ஷட்டரை இரண்டு நொடி திறந்து பிடித்தேன். கிணற்று வாய் இருபது அடி அகலம், ஆழம் முப்பது. வாய் நடுவிலிருந்து 18 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது படத்தின் ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வானம் ஒரு நாலணா அளவு, மிச்சமெல்லாம் சுவர். கல் அடுக்கு, பாசி, இடுக்கில் முளைத்த அரசங்கன்று, மோட்டார் குழாய் எல்லாம் வட்டத்தைச் சுற்றி நிற்கின்றன. குழாய் நடுவை நோக்கிப் போவதால் அது மட்டும் நேராகவே இருக்கிறது. ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் என் தலையும், பொத்தானை அமுக்கிய விரலும்கூட விழுந்திருக்கின்றன. 170 பாகையில் எடுக்கிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கிணறு என்றால் மேலே தெரியும் வானம் என்றுதான் அதுவரை படம் பார்த்திருந்தேன். கிணறு என்றால் சுவர் என்று இந்தப் படம் காட்டியது.

இரண்டாவது கடற்கரை. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அடிவானம் படத்தின் மேல்பாதியில் வில்லாக வளையும். சரியாக 180 பாகை லென்ஸ் என்றால் எவ்வளவு சாய்த்தாலும் அந்த வில்லின் இரண்டு நுனியும் வட்டத்தின் ஓரத்தில் நேர் எதிரெதிர்ப் புள்ளிகளில்தான் முடியும். அப்படியானால் ஒரு தடவை எடுத்துவிட்டு, ஃபிலிமை நகர்த்தாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, அதே அளவு கீழே சாய்த்து இன்னொரு தடவை எடுத்தால்? இரண்டு அடிவானமும் ஓரத்தில் தொட்டு நடுவில் பிரிந்து ஒரு கண் வடிவம் வரணும். காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். ஐ.எஸ்.ஓ. 100, காலை வெயில். வந்தது. கண்ணுக்குள்ளே மணலும் மணலும் அலையும் அலையும் பின்னிக்கிடக்கின்றன. அதற்கு மேலும் கீழும் வானமும் தரையும் கலந்து வெளுத்துப்போய், இமை மாதிரி. லென்ஸ் 170 பாகை என்பதால் நுனிகள் சரியாகத் தொடாமல் ஓரத்தில் சிறு இடைவெளி. மேலே சாய்த்தும் ஒன்று எடுத்தேன். அதில் நடுவில் வானமும் வானமும் சேர்ந்து வெறும் வெள்ளைப் பட்டை, பிரயோஜனமில்லை.

அந்த ரோலில் இன்னும் ஆறு ஃபிரேம் பாக்கி இருக்கிறது. கேமராவை 90 பாகை வீதம் திருப்பி நாலு தடவை எடுத்தால் நாலு வில்லும் சேர்ந்து நடுவில் ஒரு வீங்கிய சதுரம் வரவேண்டும். நாலு தடவை என்றால் வெளிச்சமும் நாலு மடங்கு, காலை வெயில் தாங்காது. சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்துப் போகணும்.